மின்மினிப் படைக்குச் சட்டை தைத்தவள்

“எவடி என் கத்தரிக்கோல்ல பேப்பர் வெட்டினது?”

வஜிஹா தினமும் கேட்கிற கேள்வி இது. ஒரு நாள் தவறியதில்லை. காலையில் பைக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் துணி ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பாள். அது வெட்டாமல் துணியைக் கடித்துக்கொண்டு நிற்கும். உடனே இந்தக் கேள்வி. அவளிடம் தைக்கிற ஒன்பது பெண்களும் குனிந்த தலை நிமிர மாட்டார்கள். வெட்டியது அவள் மகள் சுஹைனா என்று அவர்களுக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும். மகள் காலேஜுக்குப் பஸ் ஏறின பிறகுதான் வஜிஹாவுக்குக் கோபம் வரும். பெற்றவளுக்கு அவ்வளவுதான் வீரம்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு பேட்டரி கடைக்கு மேலே மாடியில் அவளுடைய தையல் கூடம். நான்கு பவர் மெஷின், பட்டன் துளைக்குக் காஜா எடுக்க ஒரு மெஷின், ஒரு கட்டிங் டேபிள். கணவர் சாந்த் பாஷா கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைப் பார்க்க முடியும். ஆக, கூடத்துக்கு முதலாளியும் அவள்தான், மேஸ்திரியும் அவள்தான், பெருக்குகிறவளும் அவள்தான்.

பன்னிரண்டு வருஷமாக அவள் தைத்தது ஒரே சரக்கு. வண்டி செய்கிற ஒரு கம்பெனியின் ஆட்களுக்கு யூனிபார்ம். அந்தச் சட்டையில் பட்டன் வெளியே தெரியக் கூடாது. பெயிண்ட் அடித்து நிறுத்திய வண்டியில் ஆள் சாய்ந்தால் பட்டன் உரசிக் கீறல் விழும் என்று ஒரு கணக்கு. அதனால் பட்டன் வரிசைக்கு மேலே இன்னொரு பட்டியை மூடி மாதிரி வைத்துத் தைக்க வேண்டும். முதல் வருஷம் ஒரே ஒரு சட்டையில் ஒரே ஒரு பட்டன் எட்டிப் பார்த்ததற்கு மொத்த மூட்டையும் திரும்பி வந்தது. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு அவள் கை தூக்கத்தில் தைத்தாலும் மூடுபட்டி வைத்துத்தான் தைக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு அவள் சொல்லித் தருகிற முதல் பாடமும் அதுதான். பட்டன் தெரிந்தால் நீ வீட்டுக்குப் போகலாம்.

போன செப்டம்பரில் அந்தக் கம்பெனி கையை விரித்துவிட்டது. இந்த மாதத்தோடு சரி, இனி யூனிபார்ம் வேறு ஊரிலிருந்து தைத்தே வந்துவிடும். ஒன்பது பெண்களுக்கும் அடுத்த மாதம் என்ன வேலை என்று வஜிஹாவுக்குத் தெரியவில்லை. அவர்களில் சாந்தம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. கெலமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். இத்தனை வயசுக்குமேல் அவளை எந்தக் கம்பெனி வாசலில் சேர்ப்பார்கள்?

அந்த வாரத்தில்தான் பிரதாப் மாடியேறி வந்தான். சென்னைக்காரன், முப்பது வயசு இருக்கும், சினிமாவில் உடைகளுக்குப் பொறுப்பாளன். ராயக்கோட்டை பக்கம் கைவிட்ட கல் குவாரி ஒன்றில் கோட்டை மதில் போட்டுப் பெரிய படம் எடுக்கிறார்கள். சண்டைக் காட்சிக்கு முன்னூறு சட்டை, பதினாறு நாளில் வேண்டும். சரியாக வந்தால் அடுத்து எதிரிப் படைக்கு அறுநூறு சட்டையும் இங்கேயே. வஜிஹா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்பது பேருக்கு மூன்று மாத வேலை. இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

படத்தின் பெயரைக் கேட்டதும் வீட்டில் சுஹைனா சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டாள். அது ‘பகல் மறைத்த கோட்டை’ என்கிற நாவல். நூலகத்திலிருந்து பதினோரு தடவை எடுத்து வந்து படித்த புத்தகம். அதில் ஒரு கோட்டை பகலில் கண்ணுக்குத் தெரியாது, இருட்டினால்தான் தெரியும். தன் பங்குக்கு வஜிஹா அந்தக் கதையில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டிருந்தாள், தெரியாத கோட்டைக்கு வீட்டு வரி யார் கட்டுவது என்று. அதோடு மகள் அவளுக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பிரதாப் கொடுத்தது செல்போனில் ஒரு படம், துணி மூட்டை, வடக்கேயிருந்து வந்த பித்தளைப் பட்டன் இரண்டு சாக்கு. படத்தில் மார்புக்கு நேராக ஒன்பது புள்ளி. அது பட்டன் வர வேண்டிய இடத்துக்கு அடையாளம் என்று வஜிஹா எடுத்துக்கொண்டாள். துணி நீல நிறம், கம்பளி மாதிரி தடிப்பு. சுஹைனாவுக்குப் பரீட்சை நேரம். மேலே வந்தால் கதை பேசி வேலையைக் கெடுப்பாய், படிப்பும் கெடும், பதினாறு நாளைக்கு மாடிப்படி ஏறக் கூடாது என்று வஜிஹா கட்டளை போட்டிருந்தாள்.

பதினைந்தாம் நாள் புதன்கிழமை. முன்னூறும் முடிந்து மூட்டை கட்ட வேண்டியதுதான் பாக்கி. நாலு மணிக்குக் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு சுஹைனா ஓடி வந்தாள். ஒரு சட்டையை எடுத்து உதறிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு அடுக்கில் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள்.

“மா, பட்டன் எங்க?”

“உள்ள இருக்குது. மூடுபட்டி வச்சிருக்கன் பாரு, ஒண்ணாச்சும் தெரியுதா? படத்துல அது கெடையாது, நானா வச்சது” என்றாள் வஜிஹா. உண்மையில் அவளுக்கு அதில் பெருமைதான். சினிமாக்காரன் கேட்காமலே செய்து கொடுத்த நேர்த்தி.

சுஹைனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை அங்கிருந்த பத்துப் பேரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்த முன்னூறு பேருக்கும் கதையில் மின்மினிப் படை என்று பெயர். ஆளுக்கு ஒன்பது பட்டன். இருட்டில் பந்த வெளிச்சம் பட்டுப் பட்டன்கள் மினுங்கும்போது எதிரி அதை மின்மினிப் பூச்சி என்று நினைத்துத் தூங்கிவிடுவான். கோட்டை பிழைப்பதே அதில்தான். புத்தகம் படித்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு காட்சிக்காகத்தான் தியேட்டருக்கு வருவார்கள்.

“பட்டன் தெரியலன்னா கதையே இல்லமா” என்றாள்.

கீழே பேட்டரி கடையில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்க்கிற சத்தம் கேட்டது. சாந்தம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். கொடுத்த படத்தில் தெளிவாகச் சொல்லவில்லை, அது அவன் தப்பு, மூட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டு நம் பாட்டுக்கு இருப்போம் என்றாள். இன்னும் இரண்டு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். வஜிஹாவுக்கும் ஒரு நிமிஷம் அது சரி என்றுதான் பட்டது. பிறகு அறுநூறு சட்டை ஞாபகம் வந்தது. போனை எடுத்துப் பிரதாப்பிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னூறு ஆள் குவாரியில் வந்து நிற்பார்கள், தேதியை மாற்ற முடியாது என்றான். வேறொரு படத்தின் பழைய சட்டைகள் பெங்களூரில் வாடகைக்குத் தயாராக இருக்கின்றன, அதில் பட்டன் தெரிகிறது.

“நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேன் உங்க வாசல்ல நிக்கும்க்கா. பட்டன் தெரிஞ்சா ஏத்துவேன். தெரியலன்னா ஒண்ணும் சொல்ல மாட்டேன், வேன் நேரா பெங்களூர் போயிடும். அடுத்த வேலையும் அவங்களுக்குத்தான்.”

வஜிஹா போனை வைத்துவிட்டு ஒரு சட்டையை மேஜையில் விரித்தாள். மூடுபட்டியின் தையலைப் பிளேடால் பிரித்து, பட்டியை உள்பக்கம் மடித்து, மேலே ஒரு தையல் ஓட்டினாள். கீழே இருந்த காஜா வெளியே வந்தது. பட்டனைப் போட்டாள். தெரிந்தது. ஆனால் பிரித்த இடத்தில் ஊசி போன தடம் நெடுக வரிசையாக நின்றது. தேய்த்தும் போகவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோர் கையிலும் பிளேடைக் கொடுத்தாள். ஆறு மணிக்குப் பெண்கள் பஸ்ஸுக்குப் போகும்போது பாதிச் சட்டை பிரிந்திருந்தது. ராத்திரி வேலைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் இருப்பார்கள், மறுநாள் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள், பரீட்சை முடிந்த சுஹைனாவும். நாலு பேர் மெஷினில், மற்றவர்கள் பிரிப்பதில். சட்டைக்கு ஐந்து ஆறு நிமிஷம். வஜிஹா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அடுக்கைப் பார்த்தாள். அறுபத்தொன்று முடிந்து அறுபத்திரண்டாவது சட்டை ஊசிக்கடியில் போனபோது மெஷின் நின்றது. விளக்கும் நின்றது. மணி ஒன்பது.

ஃபியூஸாக இருக்கும் என்று பார்த்தார்கள். இல்லை. பேட்டரி கடைக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார், மாதாந்திரப் பராமரிப்பு, நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்களே என்று.

வஜிஹாவுக்கு நம்பிக்கை இல்லை. பேப்பர் வந்ததும் அவள் முதலில் பார்ப்பதே மின்தடை அறிவிப்பைத்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். மெஷின் வைத்திருக்கிறவளுக்கு வேறு என்ன தலைப்புச் செய்தி? மூலையில் கிடந்த புதன்கிழமைப் பேப்பரை எடுத்துப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை. நேற்றுக் காலையில் அதைப் பார்த்துத்தான் கத்தரிக்கோலுக்காகக் கத்தியிருந்தாள். ஓட்டைக்குள் என்ன இருந்தது என்று யோசிக்கவில்லை.

சுஹைனா முகம் வெளுத்துப் போய்த் தன் நோட்டைத் திறந்தாள். படப்பிடிப்பைப் பற்றிய செய்தியை அழகாக வெட்டி ஒட்டாமல் வைத்திருந்தாள். அதைத் திருப்பினாள். பின்பக்கத்தில் இருந்தது, நாளை மின்தடை, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, பாகலூர் ரோடு.

அடி விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வஜிஹா அந்தத் துண்டுக் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கத்தில் கோட்டை, மறுபக்கத்தில் கரண்ட் இல்லை.

“நல்லா வெட்டியிருக்கற” என்றாள். “ஓரம்கூட பிசிறல.”

அது அடியைவிட மோசம். சுஹைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னும் இருநூற்று முப்பத்தொன்பது சட்டை. நாலு மணிக்குக் கரண்ட் வந்தால் ஒரு மணி நேரத்தில் நாற்பது ஐம்பது ஆகும். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் கேட்டார்கள், அங்கே கல்யாணம். மிதிக்கிற மெஷின் நாலு வீட்டில் விசாரித்தார்கள், இருந்த ஒன்றிரண்டும் இந்தத் தடித் துணிக்கு ஊசியை உடைத்துக்கொண்டு நிற்கும். வஜிஹா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சாந்தம்மா, ஏதோ கடைக்குப் போவதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“இங்க கரண்ட் இல்லன்னா என்னா வஜியம்மா. அத்திப்பள்ளியில இருக்குமில்ல. அது கர்நாடகா கரண்ட்டு.”

அவள் தம்பி மகன் திம்மராயன் அத்திப்பள்ளியில் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறான், ஐந்து பவர் மெஷின். ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். போன் போட்டார்கள். மூன்று மணி வரைக்கும் மெஷின் தருகிறேன், அதற்குமேல் என் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றான். மெஷினில் உட்காருகிற நாலு பேரும் சாந்தம்மாவும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். பிரிக்காத சட்டைகளை ஆளுக்குப் பத்தாக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே பிரித்துக்கொண்டு போனார்கள். நூல் பறந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. கண்டக்டர் கத்தினார், சாந்தம்மா தெலுங்கில் திருப்பிக் கத்தினாள். மற்றவர்கள் மாடியில் இருந்து பிரித்ததை அடுத்தடுத்த பஸ்ஸில் கொண்டு வரட்டும் என்று ஏற்பாடு. வஜிஹாவும் சுஹைனாவும் மூட்டைகளோடு ஒரு சின்ன சரக்கு வண்டியில், டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

எல்லையில் வண்டியை நிறுத்தினார்கள். போலீஸ்காரர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு சட்டையை உருவினார். நீல நிறம், பித்தளைப் பட்டன், அதில் பல நூறு. இது எந்தப் பட்டாளத்துக்கு என்று கன்னடத்தில் கேட்டார். இல்லாத பட்டாளத்துக்கு என்று வஜிஹா கன்னடத்திலேயே சொன்னாள். அது தப்பான பதில். அவர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். சினிமா கம்பெனி கொடுத்த கடிதம், தைக்கப் போகிறது என்று அவளே எழுதிய சலான், தன் கடைச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார். அவர் படிக்கிற ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் அவளுக்கு ஐந்து சட்டை. பன்னிரண்டு சட்டை போன பிறகு, பட்டன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போக விட்டார்.

பதினொன்றரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. பிறகு யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. வஜிஹா மடித்துக் கொடுத்தாள், ஐந்து பேர் தைத்தார்கள், சுஹைனா பட்டனைப் போட்டுப் பார்த்து அடுக்கினாள். இரண்டு ஊசி உடைந்தது. மூன்று மணிக்குத் திம்மராயனின் ஆட்கள் வாசலில் வந்து நின்றபோது இன்னும் நாற்பத்தாறு பாக்கி. அவன் தலையைச் சொறிந்தான். சாந்தம்மா மெஷினை நிறுத்தாமலே, உன் அப்பன் கல்யாணத்துக்கு ராத்திரி பகலாகத் துணி தைத்தது யாரென்று அவனைக் கேட்டாள். அவன் ஆட்களை டீ குடிக்க அழைத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பி வர ஐம்பது நிமிஷம் ஆனது. நல்ல டீக்கடையாக இருந்திருக்கும்.

நாலே காலுக்கு மூட்டை ஏறியது. இருநூற்றுத் தொண்ணூற்றேழு முடிந்திருந்தது, மூன்று மட்டும் மூடுபட்டியோடு அப்படியே. திரும்புகிற வழியில் ஷிப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஐந்து மணிக்குப் பிரதாப் போன் செய்தான், வாசலில் நிற்கிறேன், மாடி பூட்டிக் கிடக்கிறது என்று. கர்நாடகாவிலிருந்து வருகிறோம் என்று வஜிஹா சொன்னதும், படத்தின் சாமானை யாரைக் கேட்டு வெளி மாநிலத்துக்கு எடுத்துப் போனாய் என்று கத்தினான். கத்தி முடியட்டும் என்று காத்திருந்தாள். ஐந்தரை வரைக்கும்தான் நிற்பேன் என்றான்.

ஐந்து இருபத்தாறுக்கு வண்டி பேட்டரி கடை முன்னால் நின்றது. பிரதாப் வேன் கதவைத் திறந்து டிரைவர் பக்கம் ஒரு கால் வைத்திருந்தான். வஜிஹா மேல் சட்டையை எடுத்து மகளிடம் எறிந்து, போட்டுக்கோ என்றாள். சுஹைனா சுடிதாருக்கு மேல் அதை மாட்டி ஒன்பது பட்டனையும் போட்டு ரோட்டோரம் நின்றாள். வானம் மூடிக்கொண்டு மழை இருட்டு. எதிரே வந்த லாரி லைட்டைப் போட்டது. அந்த வெளிச்சம் அவள் மார்பில் ஒவ்வொரு பட்டனாக ஏறி, கழுத்துவரை போய் அணைந்தது. பின்னால் வந்த பஸ்ஸுக்கு மறுபடி ஒன்பதும் மினுங்கின.

பிரதாப் காலைக் கீழே எடுத்து வைத்தான். கிட்டே வந்து துணியைத் தடவினான். விரல் ஊசித் தடத்தில் நின்றது.

“இது என்னக்கா?”

“தப்பா தச்சு பிரிச்ச தடம். போகல. மறைக்கவும் இல்ல” என்றாள் வஜிஹா. “இன்னும் மூணு சட்டை பிரிக்கவே இல்ல. அந்த மூணு பேரை செத்தவங்களா குப்புற படுக்க வச்சிருங்க.”

அவன் சிரிக்கவில்லை. சண்டைக்குப் போகிற சட்டை புதுசாக இருக்கக் கூடாது, எப்படியும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத்தான் போகிறோம் என்று முணுமுணுத்தான். பிறகு வேனின் பின்கதவைத் திறந்தான். வஜிஹா முதல் மூட்டையைத் தூக்கும்போதுதான் தன் கை இரண்டும் மரத்துப்போயிருப்பதைக் கவனித்தாள். மறுபக்கத்தை சுஹைனா பிடித்தாள்.

அடுத்த வேலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளி போனது, சனி போனது. கம்பெனியின் கடைசி யூனிபார்ம் மூட்டையும் போனது. பெண்கள் திங்கள்கிழமை வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சாந்தம்மா மெஷினுக்கு எண்ணெய் போட்டாள், துடைத்தாள், மறுபடி எண்ணெய் போட்டாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரதாப் ஒரு கறுப்புத் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எதிரிப் படை இருட்டில் ஒளிந்து வருகிற படை. உடம்பில் எதுவும் மினுங்கக் கூடாது. அந்த மூன்று சட்டையையும் இயக்குநர் பார்த்தாராம்.

“அந்த மூடுபட்டி இருக்குல்லக்கா, அது இவனுங்களுக்கு வேணும். அறுநூறுக்கும்.”

வஜிஹா துணியை வாங்கித் தடவிப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டினாள். துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. ஒன்பது பெண்களும் தலை குனிந்துகொண்டார்கள்.

படம் இன்னும் வரவில்லை. வரும்போது பாருங்கள், பார்க்காமலும் இருங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் ஓசூர் பக்கம் போனால் பாகலூர் ரோட்டில் அந்தப் பேட்டரி கடை மாடி ஏறி வஜிஹாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அறுநூறு சட்டை முடிய இன்னும் இரண்டு மாதம்தான், அதற்குப் பிறகு அந்த ஒன்பது பேருக்கும் வேலை வேண்டும். ஸ்கூல் யூனிபார்மோ, கிழிந்த பேண்ட்டோ, கல்யாணத்துக்கு நாற்பது பிளவுஸோ, எதையாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பட்டன் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேஜை மேல் இருக்கிற கத்தரிக்கோலை மட்டும் தொடாதீர்கள்.